நீர்மின் திட்டங்களும் சுற்றாடல் சட்டவிலக்கும்

1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. 1993ஆம் ஆண்டு வர்த்தமானி, 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களை அதற்குட்படுத்தியது. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தலவாக்கலையில், 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டம் இவ்வரம்பினுள் வந்தது. இத்தகைய மதிப்பீட்டறிக்கை குறித்து வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளியிட்டு, மக்கள் கருத்துரைக்க 30 நாள் அளித்தல் வேண்டும்.

சிற்றாறுகளில் அமையும் சிறு மின்நிலையங்களோ, வன ஒதுக்கம் முதலிய குறித்துரைக்கப்பட்ட இடங்களில் அமையாவிடின், இம்மதிப்பீட்டினின்றும் விலக்குப் பெறுகின்றன. வரம்பு அளப்பது தனித்திட்டத்தின் பருமனையே. ஒரே ஓடையில் அடுத்தடுத்து எழுவனவற்றின் கூட்டு விளைவை அன்று. அவ்வோடை நீரை நம்பிய லயன் குடும்பங்கள், அறிவித்தலின்றி ஆட்சேபிக்கும் வாய்ப்பையும் இழக்கின்றன. ஆதலின், ஓர் ஓடையின் திட்டங்கள் அனைத்தையும் கூட்டிக் கணித்த பின்னரே விலக்கு அளித்தல் தகும் என்பது நம் கருத்து.