வீக்கம் வற்றினால் சுளுக்கு மாறிவிட்டதா?

வலைப்பந்தாட்டத்தில் துள்ளி இறங்கும்போதோ படியில் கால் தவறும்போதோ பாதம் உட்புறமாக மடிந்து கணுக்கால் சுளுக்கிவிடுகிறது. அப்போது கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் இழுபடுகின்றன, சிலவேளை கிழிகின்றன.

சென்ற வருடம் எனக்கும் அப்படி நேர்ந்தது. இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றியது. சுகமாகிவிட்டதென்று மைதானத்துக்குப் போனேன். மூன்று மாதத்துக்குள் அதே கால் இன்னும் இரண்டு தடவை மடிந்தது. பின்னர் தொழுகையின் இருப்பில் அமரும்போதும் பாதம் வலித்தது. “இனி விளையாட்டே வேண்டாம்” என்றார் உம்மா. ஆனால் இயன் மருத்துவர் கண்ட குறை விளையாட்டில் இல்லை. பாதியில் விட்ட சிகிச்சையில் இருந்தது.

அந்த நார்களிலும் மூட்டிலும் உள்ள நரம்பு முனைகள், பாதம் எப்பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கின்றன. சுளுக்கின்போது அவ்வுணர்வும் குன்றுகிறது. பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஃபிரீமனும் அவரது சகாக்களும் 1965 இல் இதனை எடுத்துக்காட்டி, சமநிலைப் பயிற்சியின் பயனையும் விளக்கினர். வலி நீங்கினாலும் இவ்வுணர்வு தானாக முழுமையாகத் திரும்பாமல் போகலாம். நொண்டி நடப்பதால் கெண்டைக்கால் தசை இறுகி, குதிக்காலிலும் உள்ளங்காலிலும் கூட வலி தொடரலாம்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். அழுத்தித் தடவுவதும் இழுத்து நெட்டி முறிப்பதும் கூடாது. நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தும்போது கடுமையாக வலித்தாலோ எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே அவசியம்.

வலி தணிந்ததும் பெருவிரலால் காற்றில் “அ, ஆ” எழுதிக் கணுக்காலை அசைக்கலாம். முழங்காலை நீட்டி அமர்ந்து, பாதத்தில் துவாயை மாட்டி 30 விநாடி தன்பக்கம் இழுக்கலாம். பாதத்தின் வெளி விளிம்பால் சுவரைத் தள்ளுவதும், நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குவதும் தசைகளைப் பலப்படுத்தும். இறுதியாக, சுவரருகே ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க வேண்டும். இது இலகுவானதும் கண்களை மூடிச் செய்யலாம். வலி கூடினால் நிறுத்தி, இயன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நான் பல வாரங்கள் இவற்றைச் செய்தபின் மீண்டும் விளையாடுகிறேன். பெற்றோர்களே, பிள்ளையின் கால் அடிக்கடி மடிந்தால் விளையாட்டைத் தடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: சுளுக்குக்குப் பின் பயிற்சி செய்தாளா?