தவறணைக் கள்ளும் உயிருள்ள பியரும்

1971இல் இங்கிலாந்து இளைஞர் நால்வர் 'கேம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர் கூடும் மதுச்சாலைகளில் வாயு ஏற்றிய தொழிற்சாலை பியர் புகுந்துவிட்டது. பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு நொதித்து முதிரும் பழைய ஏல் பியரைக் காப்பாற்றுவதே அவர்கள் நோக்கம்.

அந்த உயிர்ப்பு மட்டக்களப்புத் தவறணைக் கள்ளிலும் உண்டு. பாளை சீவி முட்டி கட்டினால் போதும். காற்றில் வரும் மதுவமே சாற்றை நொதிக்க வைக்கும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, இனிப்பான கருப்பநீர் கிடைக்கும்.

வாவியில் வலை வீசியவரும் வயலில் நின்றவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அருந்துவது மரத்திலிருந்து இறக்கிய புதுக் கள்ளைத்தான். போத்தல் கள்ளைச் சூடாக்கி மதுவத்தைக் கொன்றுவிடுகிறார்கள். நாள்பட நிற்கும், சுவை வேறு. மரத்துக் கள்ளோ மறுநாளே கடுத்துவிடும். மேலும் வைத்தால் வினாகிரிதான்.