பதவி நீக்கமும் பாரபட்ச வழக்கும்

நமது அங்கத்தினர் பலரின் குமாரர்களும் குமாரத்திகளும் இன்று சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கின்றனர். தறியையும் ஏரையும் நம்பிய குடும்பத்திற்குக் கிடைத்த அச்சம்பளம் திடீரென நின்றுவிடின், கோர்ட்டில் பரிகாரம் உண்டா என்று நம்மை வினவியோர் உளர்.

சிவில் உத்தியோகஸ்தரை, குற்றம் இன்னதெனத் தெரிவித்து, அவர் சமாதானம் கூற வாய்ப்பளித்து விசாரித்த பின்னரே நீக்கலாம் என்பது அரசியல் சட்டத்தின் 311-வது ஷரத்து. சில விலக்குகளும் அதில் உண்டு. ஆயின் நீக்கும் விதியே ஓரவஞ்சனையானதாக இருப்பின், விசாரணை எதைக் காப்பாற்றும்? அங்கேதான் 14, 15, 16-வது ஷரத்துக்கள் துணைக்கு வருகின்றன.

1981-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த ஏர் இந்தியா வழக்கைப் பார்ப்போம். அந்நாளில் அது சர்க்கார் ஸ்தாபனம். அதன் விமானப் பணிப்பெண்கள் 35 வயது நிரம்பியதும், அல்லது சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரிந்தாலும், அல்லது முதன்முறை கருவுற்றாலும், எது முந்தியதோ அப்போதே விலக வேண்டும். அதற்கு மேல் நீடிப்பது மானேஜிங் டைரக்டரின் இஷ்டம். உடன் பணிபுரிந்த ஆடவருக்கோ 58 வயது வரை வேலை.

பாஸல் அலி, வரதராஜன், ஏ. என். சென் ஆகிய நீதிபதிகள் கேட்டனர். (வரதராஜன் நமது சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து சென்றவர்.) கருவுற்றமைக்காக நீக்குவது இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று கண்டு அவ்விதியை ரத்து செய்தனர். டைரக்டரின் வரையறையற்ற அதிகாரமும் அவ்வாறே வீழ்ந்தது. ஆனால் நான்கு ஆண்டுத் திருமணத் தடையை ஏற்றனர். ஆண், பெண் வயது வேறுபாட்டையும் ஏற்றனர். இரு சாராரும் சேரும் தகுதி, சம்பளம், பதவி உயர்வு யாவும் வேறாகையால், அவர்கள் ஒரே வகுப்பினர் அல்லர் என்பது காரணம். ஒரே விமானத்தில் ஒரே பயணிகளுக்குப் பணி செய்தவர்களை இவ்வாறு பிரித்தது நமக்குச் சம்மதமாகத் தோன்றவில்லை. எனினும் வழக்காடுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் அதுவே. பாரபட்சம் என்போர், தம்மோடு ஒத்த நிலையிலுள்ளவர் வேறு விதமாக நடத்தப்பட்டதை முதலில் காட்டியாக வேண்டும்.

காலம் மாறியதையும் சொல்ல வேண்டும். மணம் புரிந்தமைக்காக 1988-இல் ராணுவ நர்ஸ் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு, 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 60 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு வழங்க உத்தரவிட்டது. அதற்குள் முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன!

மத்திய சர்க்கார் சிவில் ஊழியர் முதலில் இலாகா மேலதிகாரியிடம் அப்பீல் செய்ய வேண்டும். பின்னர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் கிளை சென்னையிலும் உண்டு. அதன் முடிவின் மீது ஹைக்கோர்ட் செல்லலாம். தீர்ப்பாயத்திற்குச் செல்ல, இறுதி உத்தரவின் தேதியிலிருந்து ஓராண்டே கெடு. ஆகவே உத்தரவு வந்த உறையையும் எறிந்துவிடாமல், தபால் முத்திரையுடன் பத்திரப்படுத்தி வைக்கவும்.