ஜூஜுவாடியைத் தாண்டினால் உறவு மாறிவிடுமா?

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்பதுதான். அட்வான்ஸ், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் அப்புறம். சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் இரண்டு பெண்கள், இனி சேர்ந்தே வாழ்வது என்று தீர்மானித்து வந்து நின்றால், அந்தக் கேள்விக்கு அவர்களிடம் உண்மையான பதில் உண்டு. அதைச் சொல்லத்தான் முடியாது. "அக்கா தங்கச்சிங்க" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதன்பிறகு பக்கத்து வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பொய்யையே சுமக்க வேண்டும்.

இவர்களுக்காகப் பேச வேண்டியது டெல்லியா, சென்னையா?

2023 ஏப்ரல் 18 அன்று, தன்பாலினத் திருமண வழக்கை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு விசாரிக்கத் தொடங்கியது. அதே நாளில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, பத்து நாளில் கருத்துச் சொல்லுங்கள் என்றது. மே 10 அன்று நீதிமன்றத்தில் தெரிவித்தபடி பதில் வந்தது ஏழு மாநிலங்களிலிருந்துதான். ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் எதிர்த்தன. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் அவகாசம் கேட்டன. அந்த ஏழில் தமிழ்நாடும் இல்லை, கர்நாடகமும் இல்லை. எதிர்த்த ராஜஸ்தானில் அப்போது நடந்தது காங்கிரஸ் ஆட்சி என்பதையும் மறக்க வேண்டாம். இந்தக் கோரிக்கையை நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்று மத்திய அரசு வாதிட்டது. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு வரும் பெண் எந்த மேட்டுக்குடி?

தேசியத் தலைவர்கள் மாநில விஷயத்தில் வாய் திறக்கலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் வாக்குப்பெட்டியோடு வந்தது. 2012 மே 8 அன்று வட கரோலினா மக்கள் வாக்களித்துத் தன்பாலினத் திருமணத்தை மாநில அரசியல் சட்டத்திலேயே தடுத்தார்கள். ஒபாமா வெளிப்படையாக ஆதரவு சொன்னது மறுநாள். முன்பே பேசியிருந்தாலும் முடிவு மாறியிருக்குமா, யாருக்குத் தெரியும்? ஆனால் தோற்கப்போகிறவர்களுக்குத் துணையாக ஒரு குரல் கேட்டிருக்கும். அந்த நவம்பரில் மெய்ன், மேரிலாண்ட், வாஷிங்டன் மாநிலங்களில் மக்கள் வாக்கு ஆதரவாக விழுந்தது.

நம்மிடம் அப்படி மக்கள் வாக்கெடுப்பு கிடையாது. நடந்தது மக்களவையில். 2015 டிசம்பரில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவைத் திருத்த சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அறிமுகம் செய்யவே அனுமதி கிடைக்கவில்லை: ஆதரவு 24, எதிர்ப்பு 71. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இருக்கும் அவையில் வாக்களித்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. என்னை வருத்துவது அந்த 71 பேரைவிட, வாக்கே போடாத மற்றவர்கள்தான். எதிர்ப்பவருக்குப் பதில் சொல்லி வாதாடலாம். வாய் திறக்காதவரிடம் என்ன பேசுவது?

ஆகவே டெல்லித் தலைவர்கள் பேசட்டும், பேசியே ஆக வேண்டும். மாநிலத்திடம் கருத்துக் கேட்டோம் என்று பொறுப்பை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது பேச்சாகாது. சென்னையும் டெல்லியைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது இதே மாநிலம். புரோகிதர் வேண்டாம், உறவும் நட்பும் சூழ மாலை மாற்றினால் போதும். அந்த மாலைக்கு ரோஜா தரும் ஊர் எங்கள் ஓசூர். ஆனால் அந்தத் திருத்தம் தமிழ்நாட்டோடு சரி. ஜூஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் அதே மாலையை மாற்றிக்கொண்டால் அந்தப் பிரிவு துணைக்கு வராது.

எதிர்த்திசையிலும் இப்படித்தான். திருநருக்கு 2008லேயே நல வாரியம் அமைத்தோம் என்று நாம் பெருமைப்படலாம்; அரசு வேலையில் 1 சதவீத இடஒதுக்கீட்டை 2021இல் கொடுத்தது கர்நாடகம். தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் 2022இல் எழுதிக்கொண்டது தமிழ்நாடு. எழுதியது எல்லா ஸ்டேஷனுக்கும் போய்ச் சேர்ந்ததா? 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. தன் துணையோடு வாழ விரும்பிய 25 வயதுப் பெண்ணைப் போலீஸ் பெற்றோருடன் அனுப்பிவைத்திருந்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் காவல்துறையைக் கண்டித்து அவரை விடுவித்தார்கள். குடும்பம் உண்டாகத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்று தீர்ப்பில் எழுதினார்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை மறுத்த பிறகும் ஒரு மாநில உயர் நீதிமன்றம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆட்சியில் இருப்பவர்களும் இவ்வளவு தூரமாவது வரட்டும்.

தொடங்க ஓர் இடம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அமைத்த குழுவின் வேலையாக, 2024இல் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது: பால்புதுமையர் துணைகளை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதுங்கள். அட்டை கொடுப்பது மாநிலம். விண்ணப்பத்தில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த "அக்கா தங்கச்சி" இருவரும் அதில் எந்தச் சொல்லை எழுதுவது என்று சென்னை ஒரு சுற்றறிக்கையில் சொல்லட்டும்; அது ஓசூர் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கும் வந்து சேரட்டும்.