மூன்று கோட்டுத் துப்பாக்கி

குழலைப் பிடித்திருக்கும் வளையங்களைத் தளர்த்தி, இரண்டு திருகுகளைக் கழற்றினால் போதும். மரக்கட்டையிலிருந்து எஃகு தனியே வந்துவிடும். பின்லாந்து ராணுவத்தின் பழைய எம்-39 ரைஃபிள் ஒன்று கையில் கிடைத்தால், அமெரிக்கச் சேகரிப்பாளர் முதலில் செய்கிற வேலை இதுதான். குழலின்மேல் 1942 என்று இருக்கும். அவர் தேடுவது அதை அல்ல. எஃகைக் கவிழ்த்து, பின்னால் வால்போல் நீளும் பகுதியின் அடியில் படிந்த பிசுக்கைத் துடைக்கிறார். அதிர்ஷ்டம் இருந்தால் அங்கே இன்னோர் ஆண்டு தெரியும்: 1896.

துப்பாக்கி ஒன்றுதான், பிறந்த ஆண்டு இரண்டு. போல்ட் உட்கார்ந்து நகரும் ரிசீவர் என்ற எஃகுக் கூடு ரஷ்யாவில், ஜார் மன்னர் காலத்தில் செய்யப்பட்டது. குழல் இரண்டாம் உலகப் போரின் நடுவே பின்லாந்தில் மாட்டப்பட்டது. 1898-க்குள் தயாரான துப்பாக்கி அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். அதை நிர்ணயிப்பது ரிசீவரின் வயதுதான். ஆகவே வால் அடியில் இருக்கும் நான்கு இலக்கங்களுக்கு அவ்வளவு மதிப்பு.

இந்தத் துப்பாக்கியை மேற்கே ‘மொசின்-நகான்ட்’ என்பார்கள். ரஷ்யர்கள் அழைப்பது ‘த்ரியோக்லினெய்கா’, அதாவது மூன்று கோட்டுத் துப்பாக்கி. பழைய ரஷ்ய அளவையில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரு ‘கோடு’, 2.54 மில்லிமீட்டர். குழலின் விட்டம் மூன்று கோடு. பெருக்கிப் பாருங்கள், 7.62 மில்லிமீட்டர் வரும். ஏகே-47 பற்றிய செய்திகளில் அடிக்கடி படிக்கிற அதே 7.62தான். ஜார் காலத்து அளவுகோல் சோவியத் ஆயுதங்களுக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது.

1891-இல் ரஷ்ய ராணுவம் ஏற்ற இந்த ரைஃபிளில், துலா நகர ஆயுத அதிகாரி செர்கேய் மொசினின் வேலையும் பெல்ஜியத்தின் லியோன் நகான்ட்டின் வேலையும் கலந்திருந்தன. அதில் ரசிக்கத்தக்க ஒரு சிறு பொறி உண்டு. இதன் தோட்டாவுக்கு அடியில் ஆணித்தலைபோல் விளிம்பு இருக்கும். பெட்டிக்குள் ஐந்து தோட்டாக்கள் அடுக்கடுக்காக இருக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால், போல்ட்டை எவ்வளவு தள்ளினாலும் நகராது. அதற்காகப் பக்கவாட்டில் ஓர் எஃகு நாக்கை வைத்தார்கள். மேல் தோட்டா உள்ளே போய் முடியும்வரை, இரண்டாவதை அது அழுத்திப் பிடித்திருக்கும், பிறகுதான் விடும். கூட்டத்தை ஒவ்வொருவராக அனுப்பும் வாயிற்காவலனின் வேலை.

ரஷ்ய ஆலைகள் தயாராக இல்லாததால் முதல் ஐந்து லட்சம் துப்பாக்கிகள் பிரான்சின் ஷாத்தெல்ரோவில் உருவாயின. பிறகு துலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரொரெத்ஸ்க். முதல் உலகப் போரில் அவையும் போதாமல் அமெரிக்காவின் ரெமிங்டனும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸும் ஜாருக்காகச் செய்தன. 1917-இல் புரட்சி வந்து, வாங்க வேண்டிய ஜார் இல்லாமல் போனார். அனுப்பாமல் மிஞ்சியவற்றில் பெரும்பங்கை அமெரிக்க அரசே வாங்கிக்கொண்டது. எல்லா வகைகளையும் கூட்டினால் மொத்தத் தயாரிப்பு சுமார் 3 கோடியே 70 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இவ்வளவு மலிந்த பொருளுக்கு ஏன் இத்தனை மோகம்? ஒன்று இன்னொன்றைப் போல இருக்காது என்பதுதான். அம்போடு நட்சத்திரம் பொறித்திருந்தால் துலா. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். குறிபார்க்கும் பட்டையில் பழைய துப்பாக்கிகள் தூரத்தை ‘அர்ஷின்’ கணக்கில் காட்டும். ஓர் அர்ஷின் 71 சென்டிமீட்டர், நம் ஒன்றரை முழம். 1930-இல் திருத்திய வடிவத்தில் அது மீட்டர் ஆயிற்று. பட்டை பட்டையாகச் செதுக்கிய ரிசீவர், 1930களின் நடுவில் உருண்டையாக மாறியது. செதுக்கும் வேலை மிச்சம். பின்லாந்து ராணுவம் கட்டத்துக்குள் ‘எஸ்.ஏ.’ என்று அடித்தது. பின்லாந்து இந்த ரைஃபிளுக்கு ஒரு ரிசீவரைக்கூடச் சொந்தமாகச் செய்யவில்லை. ஜார் படை விட்டுப்போனது, வெளிநாட்டில் வாங்கியது, போரில் பறித்தது என்று கிடைத்தவற்றில் தன் குழலைப் பொருத்தி, ரஷ்யர்களையே எதிர்த்துப் போரிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் கிடங்குகள் இவற்றைப் பிரித்து, பழுதுபார்த்து, மரத்துக்குச் செவ்வரக்கு நிறத்தில் மெருகு பூசி, கெட்டியான மசகில் முக்கிப் பெட்டிகளில் அடைத்தன. பனிப்போர் முடிந்ததும் அந்தப் பெட்டிகள் அமெரிக்காவில் திறக்கப்பட்டன. 2000களில் ஒரு துப்பாக்கி நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது. இன்று பல மடங்கு.

வாங்கியவர்கள் ஒரு வேதியியல் பாடமும் கற்றார்கள். பழைய சோவியத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலின் உட்சுவரில் படியும். அதுவும் ஓர் உப்புதான். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோல ஈரத்தை இழுத்து எஃகைத் துருவாக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இட வேண்டும். புதிதாக வாங்கியவருக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரை இது.

கொல்வதற்காகச் செய்த கருவி என்பதை எந்த மெருகும் மறைக்காது. ஒவ்வொரு முத்திரைக்குப் பின்னாலும் ஒரு போர் இருக்கிறது. சேகரிப்பாளர் படிப்பதும் அதைத்தான்.

ஒன்று மட்டும் அந்த எஃகில் படிக்கக் கிடைக்காது. நகான்ட்டுக்கு ரஷ்ய அரசு 2 லட்சம் ரூபிள் கொடுத்தது. மொசினுக்குக் கிடைத்தது 30 ஆயிரம். துப்பாக்கிக்கு இட்ட அதிகாரபூர்வப் பெயர் ‘1891-ஆம் ஆண்டு மாதிரி மூன்று கோட்டு ரைஃபிள்’. கழுகு, அம்பு, நட்சத்திரம், ஆண்டு எல்லாம் பொறித்த ரஷ்ய ஆலைகள், 1902-இல் இறந்த செர்கேய் மொசினின் பெயரை அதில் பொறிக்கவில்லை.