தரையை அறுக்கும் முன் நுரையீரலை நினையுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடித் தளங்களில் நீர் ஊறுவதுண்டு. அதனை வெளியேற்றக் கான்கிரீட் தரையை அறுத்துக் குழி தோண்டி, நீர் உயர்ந்ததும் தானே இயங்கும் மோட்டாரைப் பொருத்துவர். சாணார்பட்டி வட்டாரத்திலிருந்து கட்டட வேலைக்குச் செல்வோர் இப்பணியில் அஞ்ச வேண்டியது, அறுக்கும்போது எழும் புழுதியையே.

மணலிலும் ஜல்லியிலும் உள்ள சிலிக்கா, கண்ணுக்குப் புலப்படாத துகளாகி நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. இதுவே சிலிக்கோசிஸ். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே இதனைத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தழும்பை நீக்கும் மருந்து இல்லை. காசநோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் மிகும். காற்றோட்டம் குறைந்த நிலத்தடியில் புழுதி எளிதில் அகலாது.

ஆகவே, அறுக்கும் தகட்டில் நீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். ஈரத்தில் மின்சாரம் தாக்கக்கூடும் என்பதால், இயந்திரத்தின் இணைப்பில் மின்கசிவுத் தடுப்பான் இருத்தல் அவசியம். முகத்தில் கட்டிய துண்டு போதாது. நன்கு பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். உலர்ந்த புழுதியைப் பெருக்காமல், நீர் தெளித்து அள்ளுங்கள். வேலை உடையை மாற்றிய பின்னரே குழந்தைகளைத் தூக்குங்கள்.

இந்நோய் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். நீங்காத இருமலோ மூச்சிரைப்போ இருப்பின், முன்பு செய்த தொழிலையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.