3801 எந்திரம் கற்பிக்கும் பாடம்

பரமட்டாவைச் சூழ்ந்த தெருக்களில் நடந்து செல்லும்போது, ஏதாவதொரு வீட்டின் கொட்டகையில் தார்ப்பாயால் மூடிய பழைய மோட்டார்க் கார் ஒன்றை நாம் காண்பதுண்டு. சில்லுகள் கழற்றப்பட்டு, அது மரக்கட்டைகளின் மேல் நிற்கும். பேரார்வத்துடன் தொடங்கிய திருத்த வேலை இடைநடுவில் நின்றுபோனதன் அடையாளம் அது. பழைய வாகனமொன்றைப் புதுப்பிக்க முற்படுபவருக்கு உதிரிப்பாகங்களைத் தேடுவதைவிட, இறுதிவரை ஊக்கம் குன்றாதிருப்பதே கடினமானதாகும். அந்த ஊக்கத்தை எவ்வாறு காப்பது? இதற்கு விடை தரும் சான்று நமக்கு மிக அண்மையிலேயே உள்ளது. அது கார் அன்று. ஒரு நீராவிப் புகையிரத எந்திரம்.

பரமட்டாவிலிருந்து நகரை நோக்கிச் செல்லும் பாதையில் இரண்டாவது நிலையம் கிரான்வில். அங்கிருந்த கிளைட் எஞ்சினியரிங் தொழிற்சாலையில் உருவாகி, 1943 ஆம் ஆண்டில் சேவைக்கு வந்ததே 3801 என்னும் எந்திரம். அவ்வகையில் கட்டப்பட்ட முப்பது எந்திரங்களுள் இதுவே முதலாவது. 1970 இல் சிட்னியிலிருந்து கண்டத்தின் மறுகரையிலுள்ள பேர்த் வரை சென்று இது புகழ் பெற்றது. பின்னர் முதுமையடைந்து ஓய்வு பெற்ற இதனை, 1983 முதல் 1986 வரை நியூகாசில் நகரில் தொழில் பயிலும் இளைஞர்கள் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்தனர்.

ஆயினும் பெரிய சோதனை அதன் பின்னரே வந்தது. நீராவி எந்திரத்தின் உயிர்நாடி அதன் கொதிகலன். 3801 இன் கொதிகலனில் நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 245 இறாத்தல். காரின் ரயரிலுள்ள காற்றழுத்தத்தைப் போல இது ஏறத்தாழ ஏழு மடங்காகும். நெருப்பும் நீரும் ஓயாது தாக்குவதால் உலோகத் தகடுகள் மெலிகின்றன. மெலிந்த தகடு வெடித்தால் உயிர்கள் போகும். எனவே கொதிகலனைக் குறித்த காலங்களில் பரிசோதித்துப் பழுதுபார்க்க வேண்டும். இக்காரணத்தால் 2007 ஆம் ஆண்டின் இறுதியில் 3801 சேவையிலிருந்து விலக்கப்பட்டது.

புதிய கொதிகலன் ஒன்று ஜேர்மனியில் செய்யப்பட்டு, 2010 இல் சிட்னி வந்து சேர்ந்தது. அந்தோ! அதன் அளவுகள் சரியாகப் பொருந்தவில்லை. திருத்துவதற்காக அது மீண்டும் கடல் கடந்து அனுப்பப்பட்டது. ஈற்றில், கழற்றி வைத்த பழைய கொதிகலனையே செப்பனிட்டுப் பொருத்துவதென முடிவாயிற்று. தொழில்வல்லோரும் தொண்டர்களும் உழைத்ததன் பயனாக, 2021 மார்ச் மாதத்தில் 3801 மீண்டும் பயணிகளை ஏற்றிச் சென்றது.

இக்காலத்தின் நீளத்தை மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். 2008 இல் ஆரம்ப வகுப்பிற் சேர்ந்த ஒரு பிள்ளை, 2020 இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறியிருக்கும். அப்போதும் 3801 பயணிகளை ஏற்றத் தொடங்கியிருக்கவில்லை!

இத்தகைய நீண்ட பணிகளிலிருந்து நாம் அறியக்கூடியவை சில உள. முதலாவது, வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளல். கார் திருத்துவோர் பலர் முதல் வாரத்தின் உற்சாகத்தில் முழு வண்டியையும் கழற்றிவிடுகின்றனர். ஆறு மாதத்தின் பின் எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என்பது தெரியாது மலைத்து நிற்கின்றனர். அனுபவசாலியோ ஒரு பகுதியைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டுக் கட்டி, அதனை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவார். முடிந்த ஒரு கதவு, முடியாத வண்டி முழுவதற்கும் ஊக்கம் தரும். இரண்டாவது, கூட்டுறவு. ஒருவர் சோர்ந்திருக்கும் நாளில் மற்றவர் திருகுசாவியை எடுப்பார். மூன்றாவது, பின்னடைவை முடிவெனக் கொள்ளாமை. புதியது பொருந்தாதபோது பழையதிடம் திரும்பிச் செல்வதில் இழுக்கு ஏதுமில்லை.

நான்காவதாக ஒன்றுண்டு, அது தேவை. இதனை நம் பெற்றோர் நன்கறிவர். 1990களில் எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்த இடத்தில், ஊக்கத்தை வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

நமது பிள்ளைகளின் தமிழ்க் கல்வியும் இத்தகையதொரு நீண்ட பணியே. உயிரெழுத்து எழுதும் வயதில் இருக்கும் ஆர்வம், உயர்நிலைப் பள்ளியின் சுமை கூடியதும் தளர்கிறது. அவ்வேளையில் பலர் வகுப்பை விட்டுவிடுகின்றனர்; தார்ப்பாய் மூடிய காரைப் போல, கற்ற தமிழும் பாதியில் நின்றுவிடுகிறது. இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறைகூறுதல் தகாது. வகுப்பில் கற்ற தமிழை வீட்டிற் பேசுவதற்கும், பாட்டனார் பாட்டிக்கு ஒரு கடிதமேனும் எழுதுவதற்கும் இடமளித்தோமா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பயன்படாத எந்திரம் துருப்பிடிக்கும், மொழியும் அவ்வாறே.

மாணவச் செல்வங்களே! இவ்வாரம் ஒரு பாடம், அடுத்த வாரம் இன்னொன்று என முடித்துச் செல்லுங்கள். நீங்கள் சோர்வுறும் நாளில் அருகிருந்து தாங்குவது பெற்றோரும் ஆசிரியருமாகிய எமது கடமை. அடுத்த முறை கிரான்வில்லைக் கடந்து செல்லும்போது, அங்கு பிறந்த 3801 ஐ ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.